இன்சுலினை ஆல்ஜினேட்–கைட்டோசான் மணிக்குள் அடைத்து வாய்வழி கொடுப்பது: ஆய்வேட்டுக்கு எடுக்கலாமா?

#1 · யாழினி_ஃபார்ம்

எல்லோருக்கும் வணக்கம். எம்.ஃபார்ம் இரண்டாம் ஆண்டு, ஃபார்மசூட்டிக்ஸ் பிரிவு. இயற்கைப் பாலிமர் மைக்ரோகேப்ஸ்யூலில் வைத்து இன்சுலினை வாய்வழி கொடுக்கும் தலைப்பை என் வழிகாட்டி சொல்லியிருக்கிறார். பழுப்புக் கடல்பாசியிலிருந்து எடுக்கும் சோடியம் ஆல்ஜினேட் கரைசலில் இன்சுலினைக் கலந்து, கால்சியம் குளோரைடு கரைசலில் சொட்டுச் சொட்டாக விட்டு மணியாக்கி, அதன் மேல் இறால், நண்டு ஓட்டிலிருந்து செய்யும் கைட்டோசான் பூச வேண்டும். எங்கள் ஆய்வகத்தில் இதற்கு வேண்டிய பொருள்கள் எல்லாமே இருக்கின்றன, செலவும் அதிகமில்லை.

குழப்பம் என்னவென்றால், நான் படித்த கட்டுரைகளில் எல்லாம் எலிக்குச் சர்க்கரை அழகாக இறங்குகிறது. பல வருடங்களாக இதையே எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அப்படியானால் மருந்துக்கடையில் ஒரு இன்சுலின் மாத்திரைகூட ஏன் இல்லை? எங்கே இடிக்கிறது என்று தெரியாமல் தலைப்பைப் பதிவு செய்ய மனம் வரவில்லை. தொழிற்சாலை அனுபவம் உள்ளவர்கள், மருத்துவர்கள் யாராவது விளக்கினால் நன்றாக இருக்கும்.

#2 · பூச்சுக்காரர்

நல்ல கேள்வி தங்கச்சி. தலைப்பைப் பதிவு செய்வதற்கு முன்பே கேட்டதும் நல்லது. நான் மாத்திரைப் பூச்சுத் துறையில் இருக்கிறேன், அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

இன்சுலின் 51 அமினோ அமிலங்கள் கொண்ட புரதம், மூலக்கூறு எடை 5,808 டால்டன். வாயில் போட்டதிலிருந்து ரத்தத்துக்குப் போய்ச் சேரும்வரை அது மூன்று தடைகளைத் தாண்ட வேண்டும். முதலாவது இரைப்பை, அதாவது அமிலமும் பெப்சினும். இரண்டாவது சிறுகுடலில் கணையம் கொட்டும் டிரிப்சின், கைமோடிரிப்சின். மூன்றாவது குடல் சுவர்.

ஆல்ஜினேட் மணி முதல் தடையை உண்மையிலேயே நன்றாகத் தாண்டுகிறது, அதில் சந்தேகம் வேண்டாம். ஆல்ஜினேட்டின் கார்பாக்சில் குழுக்களுக்கு பிகேஏ, அதாவது பாதிக் குழுக்கள் மின்னூட்டத்தோடு இருக்கும் பிஹெச், 3.4 முதல் 3.7 வரை. இரைப்பை அமிலத்தில் அவை புரோட்டானைப் பிடித்துக்கொள்வதால் மணி சுருங்கி இறுகும். சிறுகுடலில் பிஹெச் 6-ஐத் தாண்டியதும் மறுபடி மின்னூட்டம் வரும், மணி ஊதும், அங்குள்ள பாஸ்பேட் கால்சியத்தை உருவிவிடும், மணி கரையும். எந்த இடத்தில் திறக்க வேண்டுமோ அங்கேயே திறக்கிறது. கட்டுரைகளில் வரும் அந்த அழகான வரைபடம் இதுதான்: பிஹெச் 1.2-ல் இரண்டு மணி நேரம் கிட்டத்தட்ட ஒன்றும் வெளியேறாது, 6.8-க்கு மாற்றியதும் கோடு மேலே ஏறும்.

ஆனால் அந்த 6.8 என்பது எந்த இடம்? கைமோடிரிப்சின் நிறைந்திருக்கும் இடம். இன்சுலினை மிக வேகமாகத் துண்டாக்குவது அந்த நொதிதான். அமிலத்திலிருந்து பத்திரமாகக் காப்பாற்றிக் கொண்டுபோய் அதன் முன்னால் இறக்கிவிடுகிறோம். பல ஆய்வுகளில் வெளியேற்றச் சோதனையை நொதியே சேர்க்காத வெறும் பஃபரில் செய்துவிடுகிறார்கள், அதனால் இது கண்ணில் படுவதே இல்லை. நீங்கள் எந்தத் தலைப்பை எடுத்தாலும் சரி, இரைப்பைத் திரவத்தில் பெப்சினும் குடல் திரவத்தில் பேன்கிரியாட்டினும் (கணைய நொதிக் கலவை) சேர்த்தே சோதியுங்கள்.

அதையும் மீறி ஒரு பங்கு தப்பித்தது என்று வையுங்கள், அடுத்து சுவர். குடல் செல்களுக்கு இடையே உள்ள இறுக்கமான இணைப்புகளின் இடைவெளி சாதாரணமாக ஒரு நானோமீட்டருக்கும் குறைவு. இன்சுலின் தனி மூலக்கூறாக இருந்தாலே இரண்டரை நானோமீட்டர் அளவு வரும். துத்தநாகத்தோடு ஆறாறாகச் சேர்ந்த வடிவம் அதைவிட இரு மடங்கு. வாய்வழி மருந்துக்கு 500 டால்டனுக்குள் இருப்பது நல்லது என்று படித்திருப்பீர்கள், இது அதைப்போல் பத்து மடங்குக்கும் மேல். செல்லுக்கு உள்ளே புகுந்து போகலாம் என்றால் அங்கேயும் இன்சுலினைச் சிதைக்கவே ஒரு நொதி இருக்கிறது.

கேப்ஸ்யூலால் ஆவது காவல் மட்டும்தான், சுவரைத் தாண்டுவதற்கு அது உதவாது. துறை பல வருடங்களாக இடிபடுவதும் இதில்தான் என்பது என் கருத்து.

#3 · பாலிமர்_பட்டறை

பூச்சுக்காரர் சொன்னது பெரும்பாலும் சரி. கைட்டோசானை மட்டும் அவர் விட்டுவிட்டார். அது வெறும் மேல்பூச்சு இல்லை.

இறால், நண்டு ஓட்டிலுள்ள கைட்டினிலிருந்து அசிட்டைல் குழுக்களை நீக்கினால் கைட்டோசான். அமினோ குழு இருப்பதால் அமிலச் சூழலில் நேர்மின்னூட்டம் பெறும். எதிர்மின்னூட்டமுள்ள ஆல்ஜினேட்டோடு தானாகவே பிணைந்து ஒரு சவ்வு உண்டாக்கும், குடலின் கோழைப்படலத்திலும் ஒட்டும். இறுக்கமான இணைப்புகளைக் கைட்டோசான் தற்காலிகமாகத் தளர்த்துகிறது என்பது 1990-களிலேயே வளர்ப்புச் செல் அடுக்குகளில் காட்டப்பட்டது. ஆகவே சுவர் விஷயத்தில் இயற்கைப் பாலிமருக்கு வேலையே இல்லை என்று சொல்லிவிட முடியாது.

அதே சமயம் இதன் எல்லையையும் சொல்லிவிடுகிறேன். கைட்டோசானின் பிகேஏ சுமார் 6.5. சிறுகுடலில் கீழே போகப் போக பிஹெச் 7-ஐத் தாண்டும், அங்கே மின்னூட்டம் இழந்து வெறும் படிவாகிவிடும். இணைப்புகளைத் தளர்த்தும் திறனும் அதோடு போய்விடும். இதற்காகத்தான் டிரைமெதில் கைட்டோசான் போன்ற மாற்றுருவங்களைச் செய்தார்கள், அவை நடுநிலை பிஹெச்சிலும் கரைந்த நிலையில் நேர்மின்னூட்டத்தோடு இருக்கும். ஆனால் வேதிமுறையில் மாற்றிய பிறகு அதை இயற்கைப் பாலிமர் என்று சொல்லிக்கொண்டு எளிதாக அனுமதி கேட்க முடியாது. புதிய பொருளுக்கான நச்சுத்தன்மைச் சோதனை முழுவதும் செய்தாக வேண்டும்.

அப்புறம், ஏன் இயற்கைப் பாலிமர் என்று வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கேட்பார்கள். மக்கும், உடலுக்கு ஏற்றது என்று எல்லோரும் ஒப்பிப்பதைச் சொல்லாதீர்கள். புரதத்தைப் பொறுத்தவரை பெரிய லாபம் தயாரிப்பு முறையில் இருக்கிறது. பிஎல்ஜிஏ போன்ற செயற்கைப் பாலிமருக்கு டைகுளோரோமீத்தேன் மாதிரி கரிமக் கரைப்பான் வேண்டும், வேகமாகக் கலக்க வேண்டும், எண்ணெய்–நீர் எல்லையில் புரதம் விரிந்து கெட்டுப்போகும். ஆல்ஜினேட்டுக்குத் தண்ணீரும் கால்சியமும் போதும், அறை வெப்பநிலையே போதும். குலுரோனிக் அமிலத் தொடர்களுக்கு இடையில் கால்சியம் போய் உட்காருவதை முட்டை அட்டையில் முட்டை அடுக்கியது போல என்று 1973-ல் விளக்கினார்கள், அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. இத்தனை மென்மையான கட்டுமானம் வேறு எதிலும் கிடைப்பது அரிது. 1980-ல் இன்சுலின் சுரக்கும் உயிருள்ள கணையத் திட்டுகளையே ஆல்ஜினேட்டுக்குள் அடைத்து லிம், சன் இருவரும் சயன்ஸ் இதழில் எழுதினார்கள். உயிருள்ள செல்லே தாங்குகிறது என்றால் புரதம் தாங்காதா?

மணியை உறுதிப்படுத்துகிறேன் என்று குளூட்டரால்டிஹைடு மட்டும் போட்டுவிடாதீர்கள். அது பாலிமரை மட்டும் கட்டாது, உள்ளே இருக்கும் புரதத்தின் அமினோ குழுக்களையும் சேர்த்துக் கட்டிப்போடும்.

#4 · யாழினி_ஃபார்ம்

இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. நொதி சேர்த்துச் சோதிக்க வேண்டும் என்று இதுவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

ஒரு சந்தேகம். சுவரைத் தாண்டவே முடியாது என்றால் எலிகளில் சர்க்கரை எப்படி இறங்குகிறது? ஸ்ட்ரெப்டோசோடோசின் கொடுத்துச் சர்க்கரை நோய் வரவைத்த எலிகள். 50 யூனிட்/கிலோ, சிலவற்றில் 100 யூனிட்/கிலோ. எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் வரைக்கும் குறைந்தே இருக்கிறது.

#5 · சர்க்கரை_மருத்துவர்

அந்த 50 யூனிட்டை மனிதருக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள் அம்மா.

60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு 3,000 யூனிட். நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் 10 மில்லி குப்பியில், மில்லிக்கு 40 யூனிட் வீதம், மொத்தம் 400 யூனிட் இருக்கும். ஏழரைக் குப்பி, ஒரு வேளைக்கு. அதே ஆளுக்கு முதல் வகைச் சர்க்கரை நோய் இருந்து ஊசியில் போட்டால் ஒரு முழு நாளைக்கே பெரும்பாலும் 30 முதல் 60 யூனிட்டில் முடிந்துவிடும்.

எலியின் இரைப்பையில் நம் இரைப்பையைவிட அமிலம் குறைவு. இரவு முழுக்கப் பட்டினி போட்டுத்தான் மருந்து கொடுக்கிறார்கள், பட்டினியிலேயே சர்க்கரை தானாக இறங்கிக்கொண்டிருக்கும். ஆகவே வெறும் மணி கொடுத்த எலிகள், அடைக்காத இன்சுலினை வாய்வழி கொடுத்த எலிகள், தோலடி ஊசி போட்ட எலிகள் என்று மூன்று ஒப்பீட்டுக் குழுக்களும் இல்லாத கட்டுரையை நான் நம்புவதில்லை. ரத்தத்தில் இன்சுலின் அளவையே எலைசா என்னும் ஆய்வகச் சோதனையில் அளந்து காட்டினால்தான் உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம். சர்க்கரை இறங்கியதை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது.

இன்னொன்று, ஒரு சிகிச்சையாளனாக எனக்கு இதுதான் பெரிய கவலை. உறிஞ்சப்படுவது சராசரியாக 1 சதவீதம் என்றால், இன்று அரை சதவீதமும் நாளை இரண்டு சதவீதமும் ஆகலாம். உணவு, குடல் அசைவு, வயிற்றுப்போக்கு எல்லாவற்றையும் பொறுத்து மாறும். இன்சுலினில் நான்கு மடங்கு ஏற்ற இறக்கம் என்றால் ஒரு நாள் சர்க்கரை எகிறும், இன்னொரு நாள் நோயாளி மயங்கி விழுவார். ரத்த அழுத்த மாத்திரையில்கூட இதைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளலாம், உணவுக்கு முன் போடும் இன்சுலினில் முடியவே முடியாது.

#6 · பூச்சுக்காரர்

டாக்டர் சார் சொன்ன ஏற்ற இறக்கம்தான் மையம். சந்தைக்கு வந்த வாய்வழிப் புரத, பெப்டைடு மருந்துகளைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும்.

சர்க்கரை நோய்க்கான பெப்டைடு மருந்தான செமாகுளூட்டைடு மாத்திரை, ரைபெல்சஸ். அமெரிக்காவில் 2019 செப்டம்பரில் அனுமதி கிடைத்தது. உறிஞ்சப்படுவது ஒரு சதவீதத்துக்கும் கீழே. வாரம் ஒருமுறை ஊசி 1 மில்லிகிராம், மாத்திரை தினமும் 14 மில்லிகிராம், அதாவது வாரத்துக்கு 98. கிட்டத்தட்ட நூறு மடங்கு மருந்தைச் செலவழித்து அதே வேலையை வாங்குகிறார்கள். அது எப்படிச் சாத்தியமாகிறது? அந்த மூலக்கூறின் அரை ஆயுள் சுமார் ஒரு வாரம். இன்று குறைவாகவும் நாளை அதிகமாகவும் உள்ளே போனாலும், ரத்தத்தில் ஏற்கெனவே இருக்கும் அளவு அந்த ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்துவிடுகிறது.

அதில் கேப்ஸ்யூலும் இல்லை, ஆல்ஜினேட்டும் இல்லை என்பதைக் கவனியுங்கள். எஸ்நாக் என்னும் சிறு மூலக்கூறை 300 மில்லிகிராம் சேர்த்து அழுத்திய சாதாரண மாத்திரைதான். இரைப்பையிலேயே ஒரு மூலையில் கரைந்து, தன்னைச் சுற்றி அமிலத்தைத் தணித்து, பெப்சினை மட்டுப்படுத்தி, அந்த இடத்துச் செல் சவ்வு வழியாக உள்ளே போகிறது. அதனால்தான் வெறும் வயிற்றில், 120 மில்லிக்கு மேல் போகாமல் தண்ணீர் குடித்து, அரை மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் இருக்கச் சொல்கிறார்கள்.

இன்சுலினிலும் இப்படி ஒன்று நடந்தது. நோவோ நார்டிஸ்க் 338 என்ற எண்ணில் நீண்ட நேரம் நிற்கும் ஒரு இன்சுலினை உருவாக்கி, உறிஞ்சலைக் கூட்டும் சோடியம் காப்ரேட் சேர்த்து மாத்திரையாக்கியது. 50 பேரிடம் 8 வாரம் நடத்திய இரண்டாம் கட்டச் சோதனையில் கிளார்ஜின் என்ற நீண்ட நேர இன்சுலின் ஊசிக்கு ஈடாக வெறும் வயிற்றுச் சர்க்கரையைக் கட்டுப்படுத்தியது, 2019-ல் முடிவுகளும் வெளியாயின. அறிவியல்படி வெற்றி. ஆனால் அவ்வளவு இன்சுலினைத் தயாரித்து விற்பது கட்டுப்படியாகாது என்று நிறுத்திவிட்டார்கள். இஸ்ரேலைச் சேர்ந்த ஓராமெட்டின் இன்சுலின் கேப்ஸ்யூல் மூன்றாம் கட்டத்தில் 2023 ஜனவரியில் தோற்றது. பெங்களூரு பயோகான் நிறுவனமும் டிரெகோபில் என்ற மாற்றியமைத்த இன்சுலினைப் பல வருடம் மனிதரிடம் சோதித்தது.

கட்டுரைகளில் நாம் படிக்கும் ஆல்ஜினேட்–கைட்டோசான் இவற்றில் எதிலும் இல்லை. காரணத்தை நேர்மையாக யோசித்துப் பாருங்கள்.

#7 · கருவி_முருகன்

யாழினி, ஒரு நடைமுறைக் குறிப்பு. சிரிஞ்சும் ஊசியும் வைத்துச் சொட்டவிட்டால் 2 மில்லிமீட்டர் மணிதான் கிடைக்கும். அதற்கு மைக்ரோகேப்ஸ்யூல் என்று தலைப்பிடாதீர்கள், எலிக்குக் குழாய் வழியாக அதைக் கொடுக்கவும் முடியாது. உண்மையிலேயே மைக்ரான் அளவு வேண்டுமானால் எண்ணெயில் குழம்பாக்கி உள்ளிருந்தே இறுகச் செய்யும் முறை இருக்கிறது. ஆல்ஜினேட்டோடு கால்சியம் கார்பனேட் தூளைக் கலந்து, எண்ணெயில் துளிகளாக்கி, கொஞ்சம் அசிட்டிக் அமிலம் விட்டால் உள்ளேயே கால்சியம் விடுபடும். அளவு ஏற்றத்தாழ்வாகத்தான் வரும். ஒரே சீரான அளவு வேண்டுமென்றால் சவ்வு வழிக் குழம்பு. ஜப்பானின் தெற்கே எரிமலைச் சாம்பல் மண்ணிலிருந்து செய்யும் ஷிராசு நுண்துளைக் கண்ணாடிச் சவ்வு இதற்குப் பேர்போனது, விலைதான் அதிகம்.

அளவு முக்கியமா என்றால், முக்கியம்தான். பெரிய மாத்திரை சாப்பாட்டோடு இரைப்பையில் மணிக்கணக்கில் தங்கிவிடும். 2 மில்லிமீட்டருக்குக் கீழே இருக்கும் மணிகள் உணவோடு உணவாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுகுடலுக்கு நழுவும்.

#8 · வகை1_அம்மா

இந்த இழையைப் படித்துக்கொண்டே வந்தேன். நான் துறை சார்ந்தவள் இல்லை. என் மகளுக்கு முதல் வகை, ஒரு நாளைக்கு நான்கு ஊசி. ஊசி இல்லாத இன்சுலின் வந்துவிட்டது என்று வாட்ஸ்அப்பில் ஆளாளுக்கு அனுப்புகிறார்கள். சமீபத்தில் ஒருவர் கடல்பாசிப் பொடி ஒன்றைக் காட்டி, இதைச் சாப்பிட்டால் ஊசியே வேண்டாம் என்று நேரிலேயே சொன்னார். நீங்கள் எல்லோரும் எழுதுவதைப் பார்த்தால் இப்போதைக்கு எதுவும் இல்லை என்றுதான் புரிகிறது. சரிதானே? எவ்வளவு நாள் ஆகும் என்று யாராலாவது சொல்ல முடியுமா?

#9 · சர்க்கரை_மருத்துவர்

சரிதான் அம்மா. முதல் வகை நோய்க்கு இன்று வாய்வழி இன்சுலின் என்று எந்த நாட்டிலும் நம்பிக் கொடுக்கக்கூடிய மருந்து இல்லை. அந்தப் பொடியை நம்பி ஒரு வேளை ஊசியைக்கூட நிறுத்திவிடாதீர்கள். முதல் வகையில் இன்சுலின் நின்றால் ஓரிரு நாளிலேயே கீட்டோன் கூடி உயிருக்கே ஆபத்தாகும். குழந்தைக்கு வாந்தியோ, வயிற்று வலியோ, மூச்சு வேகமாகவோ இருந்தால் சர்க்கரையையும் கீட்டோனையும் பார்த்துவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

எவ்வளவு நாள் என்று நான் சொன்னால் அது பொய் நம்பிக்கையாகிவிடும். ஊசியின் வலியைக் குறைக்க இன்றைக்கே வழிகள் இருக்கின்றன. பேனாவுக்கு 4 மில்லிமீட்டர் ஊசிமுனை கிடைக்கிறது, குழந்தைக்கு அது போதும். ஒரே இடத்தில் குத்தாமல் மாற்றி மாற்றிப் போடுங்கள், இல்லையென்றால் தோலடியில் கட்டி விழுந்து மருந்து சரியாகச் சேராது. பம்ப் பற்றியும் உங்கள் மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள்.

யாழினிக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வாய்வழி இன்சுலினை மருத்துவர்கள் விரும்புவது ஊசி பயத்துக்காக மட்டும் இல்லை. குடலில் உறிஞ்சப்பட்ட இன்சுலின் போர்ட்டல் ரத்தக்குழாய் வழியாக முதலில் கல்லீரலுக்குப் போகும். நம் கணையம் சுரப்பதும் அப்படித்தான் போகிறது, ஏறக்குறைய பாதியைக் கல்லீரலே எடுத்துக்கொள்ளும். ஊசியில் போடும்போது இந்த வரிசை தலைகீழாகிறது. அதனால் இந்தக் கனவு நியாயமானது. பாதை கடினம் என்பதற்காக யாரும் இதைக் கைவிட்டுவிடக் கூடாது என்று விரும்புகிறேன்.

#10 · மண்டபம்_கரை

கடல்பாசிப் பொடி என்றதும் எழுதத் தோன்றியது. நான் ராமநாதபுரம் பக்கம். ஆல்ஜினேட் எடுக்கும் பழுப்புப் பாசி எங்கள் கடலில்தான் விளைகிறது. சர்காசத்தைக் கட்டக்கோரை என்போம், டர்பினேரியாவைப் பக்கோடா என்போம். பெண்கள் முகமூடிக் கண்ணாடி போட்டு மூழ்கி மூழ்கிப் பறித்து வருவார்கள். அது உணவுக்கும் துணிக்கும் மருந்துக்கும் மூலப்பொருள், அவ்வளவுதான். அதைத் தின்றால் சர்க்கரை நோய் போகும் என்று விற்பவர்களைப் பார்த்தால் எங்களுக்கும் கோபம் வருகிறது.

ஆய்வு செய்பவர்களிடம் ஒரு கேள்வி. ஒரே பாசிதான், ஆனால் பருவத்துக்குப் பருவம் அதன் தரம் மாறும், வாங்கும் கம்பெனிக்காரர்களே சொல்வார்கள். அதில் செய்த கேப்ஸ்யூல் மட்டும் எப்படி ஒரே மாதிரி இருக்கும்?

#11 · பாலிமர்_பட்டறை

மண்டபத்து நண்பர் கேட்டதை ஆய்வுக் கட்டுரைகள் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. மனம் நிறைந்த நன்றி.

ஆல்ஜினேட் என்பது மன்னுரோனிக், குலுரோனிக் என்ற இரண்டு அமிலங்கள் கலந்து கோத்த சங்கிலி. எந்த இனம், செடியின் தண்டா இலையா, எந்தப் பருவம் என்பதைப் பொறுத்து விகிதம் மாறும். நார்வேக் கடலின் லமினேரியா ஹைபர்போரியா தண்டில் குலுரோனிக் அதிகம், ஜெல் கெட்டியாகவும் முறியக்கூடியதாகவும் இருக்கும். மன்னுரோனிக் அதிகமானால் ஜெல் மென்மையாகவும் வளைந்து கொடுப்பதாகவும் இருக்கும், ஆனால் கால்சியத்தைச் சீக்கிரம் இழந்துவிடும். கைட்டோசானிலும் இதே கதைதான். எந்த அளவுக்கு அசிட்டைல் நீக்கப்பட்டது, சங்கிலி எவ்வளவு நீளம் என்பதெல்லாம் மூட்டைக்கு மூட்டை வேறு. மருந்து அனுமதி அதிகாரிகள் முதலில் கேட்பது இதைத்தான்.

யாழினி, பாட்டில் லேபிளில் சோடியம் ஆல்ஜினேட் என்று மட்டும் போட்டிருந்தால் போதாது. பாகுத்தன்மையை நீங்களே அளந்து எழுதுங்கள். முடிந்தால் இரண்டு விகிதத்தில் வாங்கி ஒப்பிடுங்கள். ஆய்வேட்டில் அந்த ஓர் அட்டவணை இருந்தாலே பின்னால் வரும் மாணவர்கள் எடுத்துப் பயன்படுத்துவார்கள்.

#12 · யாழினி_ஃபார்ம்

இப்போது எனக்கு இரண்டு பக்கமும் புரிகிறது. அப்படியானால் இயற்கைப் பாலிமர் மணி எந்தப் புரதத்துக்குத்தான் சரி? சுவரைத் தாண்ட வேண்டாம், அமிலத்திலிருந்து காப்பாற்றினால் மட்டும் போதும் என்கிற மாதிரி ஏதாவது மருந்து இருக்கிறதா?

#13 · பூச்சுக்காரர்

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

குடலுக்குள்ளேயே வேலை செய்யும் புரதங்கள் நிறைய இருக்கின்றன. கணைய நொதி கேப்ஸ்யூலையே எடுத்துக்கொள்ளுங்கள். புரதம்தான், வாய்வழிதான், நீண்ட காலமாகக் கடையில் கிடைக்கிறது. லைபேஸ் நொதி பிஹெச் 4-க்குக் கீழே மீளமுடியாமல் கெட்டுவிடும். அதனால் சின்னச் சின்ன உருண்டைகளாக்கி, ஒவ்வொன்றின் மேலும் அமிலத்தில் கரையாத பூச்சு போட்டு, பிஹெச் 5.5 வாக்கில் கரையும்படி செய்கிறார்கள். ரத்தத்துக்குள் ஒரு துளியும் போக வேண்டியதில்லை. அங்கே பயன்படுவது செயற்கை அல்லது பாதி செயற்கைப் பாலிமர். அந்த இடத்தில் ஆல்ஜினேட்டை வைத்துச் சோதிப்பது நியாயமான ஆய்வு.

லாக்டேஸ் இன்னொன்று. பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு வேண்டிய நொதி. குளுய்வெரோமைசஸ் லாக்டிஸ் ஈஸ்ட்டிலிருந்து எடுக்கும் லாக்டேஸ் நடுநிலை பிஹெச்சில் நன்றாக வேலை செய்யும், இரைப்பை அமிலத்தில் செத்துவிடும். காவல் தேவைப்படும் புரதம் என்றால் இதுதான். மூலக்கூறும் இன்சுலினைவிடப் பல மடங்கு பெரியது, அதனால் ஆல்ஜினேட் வலையின் துளை வழியாகக் கசிவது குறையும். இன்சுலின் சிறியதாக இருப்பதால் மணி கால்சியம் தொட்டியில் ஊறும்போதே கணிசமாக வெளியேறிவிடும். ஓஎன்பிஜி என்ற சோதனைப் பொருளைச் சேர்த்தால் நொதி அதை உடைத்து மஞ்சள் நிறம் வரும், 420 நானோமீட்டரில் அளந்தால் நொதி உயிரோடு இருக்கிறதா என்று அன்றே தெரிந்துவிடும். எலியும் வேண்டாம், விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதிக்குக் காத்திருக்கவும் வேண்டாம்.

#14 · சர்க்கரை_மருத்துவர்

கணைய நொதி பற்றிச் சொன்னதற்கு ஒரு கூடுதல் காரணம் தருகிறேன். கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் கணையத்தில் கல் சேரும் நாட்பட்ட கணைய அழற்சியைக் கணிசமாகப் பார்க்கிறோம், இளம் வயதிலேயே வரும். அவர்களுக்குச் சர்க்கரை நோயும் வந்துவிடும், செரிமான நொதியும் குறைந்துவிடும். கொழுப்பு செரிக்காமல் உடம்பு இளைத்துவிடும். தினமும் சாப்பாட்டோடு சாப்பாடாகக் கேப்ஸ்யூல் போட வேண்டும், மாதச் செலவு பல குடும்பங்களுக்குத் தாங்கமுடியாதது. இங்கே விளையும் பாசியில் மலிவான, நம்பகமான பூச்சு கிடைத்தால் அது அவர்களுக்குப் பெரிய உதவி. இன்சுலினைவிடச் சின்ன இலக்கு என்று நினைக்காதீர்கள்.

#15 · நானோ_நம்பிக்கை

எல்லோரும் சேர்ந்து அந்தப் பெண்ணை இன்சுலினிலிருந்து விலக்கிவிட்டீர்கள், எனக்கு இதில் உடன்பாடில்லை. மைக்ரானிலிருந்து நானோவுக்குப் போனால் கோழையைத் துளைத்துப் போகலாம். செல் உறிஞ்சிக்கொள்ள வழியிருக்கிறது. நொதித் தடுப்பானையும் உள்ளேயே வைக்கலாம். இன்று ஒரு சதவீதம் என்றால் நாளை ஐந்து ஆகாதா? முயற்சி செய்தால்தானே தெரியும்.

#16 · பாலிமர்_பட்டறை

முயற்சி செய்யட்டும் நண்பரே, அதைத் தடுக்கவில்லை. ஆனால் ஒரு எம்.ஃபார்ம் ஆய்வேட்டுக்குள் எது கேட்கப்பட்டு எது பதிலாகும் என்பதுதான் இங்கே பேச்சு.

நீங்கள் சொன்ன தடுப்பானை எடுத்துக்கொள்வோம். டிரிப்சினைத் தடுத்தால் இன்சுலினோடு சேர்த்துச் சாப்பிட்ட பருப்பின் செரிமானமும் தடைபடும். சோயாவிலுள்ள டிரிப்சின் தடுப்பானைத் தொடர்ந்து கொடுத்தபோது எலிகளின் கணையம் வீங்கியது நெடுநாளாகத் தெரிந்த விஷயம். தினமும் மூன்று வேளை, ஆயுள் முழுக்க எடுக்க வேண்டிய மருந்தில் அதை எப்படி வைப்பது? இணைப்புகளைத் தளர்த்தும் பொருளுக்கும் இதே கேள்விதான், திறந்த கதவில் இன்சுலின் மட்டும்தான் நுழையுமா?

சிறிய துகளை உறிஞ்சிக்கொள்ளும் எம் செல்கள் குடல் சுவரிலுள்ள நோய் எதிர்ப்புத் திசுவான பையர் திட்டுகளில்தான் இருக்கின்றன, குடல் பரப்பில் அவற்றின் பங்கு மிகக் குறைவு. அவற்றின் வேலையே நோய் எதிர்ப்பு மண்டலத்துக்குச் செய்தி சொல்வது. தடுப்பூசியை வாய்வழி கொடுக்க அது அருமையான வாசல். தினமும் போகும் இன்சுலினை அந்த வழியாக அனுப்பினால் அதற்கு எதிர்ப்பொருள்கள் உருவாகுமோ என்றும் பார்க்க வேண்டிவரும்.

#17 · யாழினி_ஃபார்ம்

வழிகாட்டியிடம் இந்த இழையை அப்படியே காட்டினேன். முதலில் தயங்கினார், பிறகு ஒப்புக்கொண்டார். லாக்டேஸ் எடுக்கிறேன். திட்டம் இது:

குழம்பு முறையில் ஆல்ஜினேட் மணி, கைட்டோசான் பூச்சு உள்ளதும் இல்லாததும். பெப்சின் சேர்த்த பிஹெச் 1.2 திரவத்தில் இரண்டு மணி நேரம், பிறகு பேன்கிரியாட்டின் சேர்த்த 6.8. ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை புரதம் வெளியேறியது என்பதோடு நொதி எவ்வளவு வேலை செய்கிறது என்பதையும் அளப்பேன். இரண்டு வகை ஆல்ஜினேட், பாகுத்தன்மையோடு. மணியைக் குளிர்உலர்த்தி, உலரும்போது புரதத்தைக் காக்கும் சர்க்கரையான டிரெஹலோஸ் சேர்த்ததும் சேர்க்காததும் ஒப்பிடுவேன். உள்ளே எவ்வளவு அடைபட்டது என்று பார்க்க மணியைச் சோடியம் சிட்ரேட்டில் கரைக்கலாம் என்று இருக்கிறேன். ஏதாவது விட்டுப்போனால் சொல்லுங்கள்.

#18 · பூச்சுக்காரர்

திட்டம் நன்றாக இருக்கிறது. இரண்டு இடத்தில் மட்டும் கவனம்.

நீங்கள் எடுக்கும் ஈஸ்ட் லாக்டேஸுக்கு மெக்னீசியம் வேண்டும், கால்சியம் ஆகாது. ஆல்ஜினேட்டை இறுக வைப்பதே கால்சியம் என்பதால் மணிக்குள் நொதி கொஞ்சம் மந்தமாகத் தெரியலாம், அதை அமிலத்தால் கெட்டது என்று எழுதிவிடாதீர்கள். மணியாக்கிய உடனே, அமிலத்தைக் காட்டுவதற்கு முன் ஒருமுறை அளந்து அதையே நூறு சதவீதமாக வையுங்கள். சிட்ரேட்டில் கரைக்கும்போது அது கால்சியத்தோடு மெக்னீசியத்தையும் பிடித்துக்கொள்ளும். அதனால் ஓஎன்பிஜி சேர்ப்பதற்கு முன் பஃபரில் மெக்னீசியம் குளோரைடைத் திரும்பச் சேர்த்துவிடுங்கள். கட்டுப்பாட்டுக் குழாயிலும் அதே அளவு சிட்ரேட்டும் அதே அளவு மெக்னீசியமும் இருக்க வேண்டும்.

இன்னொன்று, கைட்டோசானைக் கரைக்க அசிட்டிக் அமிலம் எடுப்பீர்கள். பூசுவதற்கு முன் அந்தக் கரைசலின் பிஹெச்சை 5.5 வரை உயர்த்திவிட்டு நொதி தாங்குகிறதா என்று தனியாக ஒரு சோதனை போட்டுப் பாருங்கள். 6-ஐத் தாண்டினால் கைட்டோசான் பிரிந்து படிய ஆரம்பிக்கும். முதல் மணிகளின் நுண்ணோக்கிப் படம் கிடைத்ததும் இங்கேயே போடுங்கள், அளவுப் பரவலைப் பார்த்துவிட்டு அடுத்ததைப் பேசலாம்.